அரைக் கட்டை ஏறிய காது

அவளுக்குச் 'சுதிப்பெட்டி' என்று பெயர் வைத்தவள் அக்கா. வைத்த நாளில் அது வசவு. பிறகு வீட்டில் புழங்கிப் புழங்கி, பள்ளிக்கூடத்துக்கும் போய், வேலைக்குச் சேர்ந்த இடத்துக்கும் பின்னாலேயே வந்து, கடைசியில் சொந்தப் பெயரை ஒரு மூலையில் உட்கார வைத்துவிட்டது.

அக்கா முன்னறையில் வயலின் பழகுவாள். தங்கை பின்னறையில் பாடப் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு, தலையைத் தூக்காமல், "அஞ்சு கட்டை இல்ல, கொஞ்சம் கீழ இருக்கு" என்பாள். அக்கா திருத்துவாள். "இப்ப கொஞ்சம் மேல போயிடுச்சு." அக்கா மறுபடி திருத்துவாள். மூன்றாம் முறை வில் பறந்து வரும்.

ஹார்மோனியத்தின் கட்டைகளைக் கொண்டு சுருதியைச் சொல்வது பாட்டுக்காரர்களின் வழக்கம். ஒரு கட்டை, ஒன்றரை, இரண்டு என்று ஏழு வரை போகும். மற்றவர்களுக்குப் பெட்டி எதிரில் இருந்தால்தான் எது எத்தனை கட்டை என்று தெரியும். இவளுக்குப் பெட்டி வேண்டாம். கதவுக் கீல் கிறீச்சிட்டால் இரண்டரை. பால் வண்டியின் மணி ஆறு. தையல்காரரான அப்பாவின் மெஷினைப் பற்றி ஒரு நாள், "தடிச்ச துணி வந்தா மெஷின் அரைக் கட்டை இறங்குதுப்பா" என்றாள். அப்பா காலை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். துணியின் கனத்தைக் காலால் மட்டுமே அறிந்திருந்தவர் அவர்.

கட்டைக் கணக்கில் ஏழுக்கு மேல் ஏழரை கிடையாது. "அது நம்ம வீட்டுல மட்டும்தான் இருக்கு. பின்னறையில உக்காந்திருக்கு" என்பாள் அக்கா.

உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை ஓர் இசைக்கவையைத் தட்டி, வினாடிக்கு இருநூற்று ஐம்பத்தாறு அதிர்வு, இதுதான் பாட்டுக்காரர்களின் ஒரு கட்டை என்றார். சுதிப்பெட்டி எழுந்து நின்றாள். "டீச்சர், இது ஒரு கட்டை இல்ல. கொஞ்சம் கீழ இருக்கு." வகுப்பு சிரித்தது. ஆசிரியை சிரிக்கவில்லை. அவளையும் கவையையும் இசையறைக்குக் கூட்டிக்கொண்டு போய், ஹார்மோனியத்தில் ஒரு கட்டையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, கவையைத் தட்டி மேசையில் ஊன்றினார். இரண்டு ஒலியும் சேர்ந்து நின்றபோது அறை முழுக்க வ்வா, வ்வா, வ்வா என்று ஒரு நடுக்கம் கேட்டது.

"இதுக்குப் பேரு விம்மல்" என்றார் ஆசிரியை. "ரெண்டு ஒலி கிட்டக்கிட்ட இருந்து, ஆனா ஒண்ணா இல்லன்னா இப்படித்தான் விம்மும். வித்தியாசம் குறையக் குறைய விம்மல் மெதுவாகும். ஒண்ணாயிட்டா நின்னுடும். நீ சொன்னது சரி. விஞ்ஞானிங்க பாதி பாதியா வகுக்கச் சுலபமா இருக்கட்டும்னு ஒரு எண்ணை எடுத்துக்கிட்டாங்க. பாட்டுக்காரங்க வேற எடுத்துக்கிட்டாங்க."

அன்று முதல் பள்ளியில் ஒரு கொள்கை உருவாயிற்று. பாட்டும் அறிவியலும் ஒரே ஊற்றிலிருந்து வருபவை. ஒன்று வந்தால் மற்றது தானாக வரும். சாட்சி, சுதிப்பெட்டி. எதிர்ச்சாட்சியும் அதே வீட்டில் இருந்தது. இரண்டு வகுப்பு மேலே படித்த அக்கா, பரீட்சையில் 'விம்மல் என்றால் என்ன?' என்ற கேள்விக்கு, 'அழுகையை அடக்கும்போது வருவது' என்று எழுதிவைத்துவிட்டு வந்தாள். விடைத்தாள் ஆசிரியர் அறையைச் சுற்றி வந்தது. "தங்கச்சிக்கு ரெண்டும் வருது, அக்காவுக்கு ரெண்டும் வரல" என்று யாரோ தாழ்வாரத்தில் சொன்னது அக்காவின் காதில் விழுந்தது. காது இல்லை என்று பேர் வாங்கியவளுக்கு அது மட்டும் தெளிவாகக் கேட்டது.

ஆனால் அக்கா வயலினை விடவில்லை. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்களே, அந்தச் சாதி. கட்டை அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அவளுடைய வழி வேறு. இரண்டு கம்பிகளைச் சேர்த்து இழுப்பாள். விம்மினால் கம்பியை முறுக்கும் பிரடையைத் திருப்புவாள். விம்மல் மெதுவாகி, இன்னும் மெதுவாகி, நின்றதும் கையை எடுப்பாள். தொடங்குவதற்கு ஒரு சுருதி மட்டும் யாராவது தரவேண்டும். "ஏய், ஒரு அஞ்சு கட்டை கொடு" என்பாள். தங்கை வாயைத் திறக்காமல் முனகிக் காட்டுவாள். இப்படியே இருவருக்கும் கல்யாணம் ஆகி, வீடுகள் இரண்டு தெரு தள்ளிப் போய், தலை நரைக்கத் தொடங்கிய பிறகும், வாரம் தவறாமல் அக்கா வீட்டு முன்னறையில் தங்கை பாட, அக்கா வாசித்தாள். சின்னச் சின்ன மேடைகளும் கிடைத்தன.

அக்கா பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தாள். சுதிப்பெட்டி அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் கூடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள்.

அந்தக் கூடத்துக்கு இரட்டைக் கதவு. ஒன்றைச் சாத்தினால்தான் மற்றது திறக்கும். உள்ளே எப்போதும் ஒரே குளிர். வெளியூர்ப் பட்டறைகளும் ஆலைகளும் தங்கள் மானிகளையும் எடைக்கற்களையும் அங்கே அனுப்பும். கூடத்தின் கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்து, சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர் ஒட்டி, அடுத்த சோதனைக்கான தேதியை அதில் எழுதி அனுப்புவார்கள். அங்கே வேலை செய்தவர்களுக்கு ஒரு கருவியின் மேலும் தனி மரியாதை கிடையாது. "கருவி பொய் சொல்லாது, மறந்துபோகும்" என்பார் பக்கத்து அறைத் தராசுக்காரர். எடைக்கற்களோடு ஆயுளைக் கழித்த மனிதர் அவர். தன் உடம்பு எடையை மட்டும் பார்க்கமாட்டார்.

சுதிப்பெட்டிக்கு மின்மானிகள். அவள் மேசைக்குப் பின்சுவருக்கு அப்பால் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருந்தது. அதன் ரீங்காரம் ஐந்து கட்டைக்கு ஒரு மயிரிழை மேலே. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அது அங்கேயே நின்றது. மின்சாரத்தின் அதிர்வு வினாடிக்கு ஐம்பது என்று மானி காட்டும் முன்பே அவள் காது காட்டிவிடும். மற்றவர்கள் முள்ளைப் பார்ப்பார்கள். அவள் முள்ளைச் சரிபார்ப்பாள். பல ஆண்டுகளில் ஒருமுறைகூட இரண்டும் மாறுபட்டதில்லை.

அவளுடைய வீட்டுக்காரர் தரைக்கல் பதிப்பவர். பாட்டு என்றால் அவருக்கு எல்லாம் ஒரே சத்தம். அதனால்தான் அவரோடு காலம் தள்ள முடிகிறது என்று அவள் அக்காவிடம் சொல்வதுண்டு. முதல் தடயம் அவர் வாயிலிருந்துதான் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய கேசட்டைப் போட்டுவிட்டு அவள் முகம் சுளித்தாள்.

"என்ன ஆச்சு?"

"மோட்டார் வேகமா ஓடுதுங்க. பாட்டு கட்டை ஏறிக் கேக்குது."

"வேகமா ஓடினா சீக்கிரம் முடியணுமே. எங்க முடியுது?" என்றார் அவர். அவர் சொன்னது கிண்டல். அவளும் கிண்டல் என்றே எடுத்துக்கொண்டு, கேசட் பெட்டியைப் பழுதுபார்க்கக் கொடுத்தாள். கடைக்காரர் குறை ஒன்றும் இல்லையென்று திருப்பித் தந்தார். அவருக்கு வேலை தெரியவில்லை என்று முடிவாயிற்று.

அப்புறம் டிரான்ஸ்ஃபார்மர் ஏறியது. ஒரே நாளில் அல்ல. முதலில் ஒரு மயிரிழை, பிறகு இன்னொன்று. ஒரு கட்டத்தில் அது ஐந்தரையைத் தாண்டிப் பாடிக்கொண்டிருந்தது. மின்சார அலுவலகத்துக்குத் தொலைபேசினாள்.

"சார், உங்க கரண்ட்ல அதிர்வு கூடியிருக்கு. அம்பத்துமூணு பக்கம் ஓடுது."

"எதை வச்சும்மா சொல்றீங்க? மீட்டர் காட்டுதா?"

"மீட்டர் அம்பதுன்னுதான் காட்டுது. சுதி ஏறியிருக்கு."

"அம்மா, கரண்ட்ல பில்லுதான் ஏறும். சுதி ஏறி நான் கேள்விப்பட்டதில்ல" என்று வைத்துவிட்டார்.

அவள் மூடநம்பிக்கைக்காரி அல்ல. ஒரு சாட்சியை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது கூடத்தின் பாலபாடம். ஆகவே இரண்டாவது சாட்சியைத் தேடினாள். அது கையிலேயே இருந்தது. வாரந்தோறும் அக்காவின் வயலின் கம்பியைக் கேட்டாள். அவள் தலைக்குள் இருந்த ஐந்து கட்டையும் வயலினின் ஐந்து கட்டையும் மயிரிழை பிசகாமல் பொருந்தின. இங்கே காதும் வயலினும் இரண்டு பேர். அங்கே மானி ஒருவர். எண்ணிக்கைப்படி தோற்றவர் மானி.

அந்தச் சமயத்தில் ஜெனரேட்டர் பட்டறை ஒன்றிலிருந்து ஓர் அதிர்வுமானி சோதனைக்கு வந்தது. கூடத்தின் மூலக்கருவியோடு அது அழகாக ஒத்துப்போனது. இரண்டும் ஐம்பது என்றன. அவள் பச்சை ஸ்டிக்கரை எடுக்கவில்லை. இரண்டும் சேர்ந்து தப்பு என்று எழுதி, பட்டறையின் மானியை நிறுத்திவைத்து, மூலக்கருவியையும் தலைமைக் கூடத்துக்கு மறுசோதனைக்கு அனுப்பச் செய்தாள். அவள் கையெழுத்துக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது. கருவி போய்த் திரும்பும்வரை அவள் மேசையில் வேலை இல்லை.

வேலை இல்லாத அந்த நாட்களில்தான் நூலக மண்டபத்துக்காரர்கள் வந்தார்கள். புதிதாகக் கட்டிய மண்டபம். திறப்பு மாலையில் அக்காவும் தங்கையும் பாடி வாசிக்க வேண்டும். அவர்கள் ஏறியதிலேயே பெரிய மேடை அதுதான். அக்கா வயலின் உறையைத் துவைத்துக் காயப்போட்டாள். அவளுடைய சந்தோஷம் அப்படித்தான் வெளிப்படும். மண்டபத்துக்காரர்கள் ஒரு ஹார்மோனியக்காரரையும் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒத்திகைக்கு அவர் பெட்டியைத் திறந்து ஐந்து கட்டையை அமுக்கியதும், சுதிப்பெட்டி கையை உயர்த்தினாள்.

"இது அஞ்சரை."

"அஞ்சும்மா."

"உங்க பெட்டி அரைக் கட்டை ஏறியிருக்கு. வேற பெட்டி கொண்டுவாங்க."

"பெட்டி என்ன, பால் மாதிரி பொங்குமா? செஞ்ச நாள்ல இருந்து இப்படித்தான் இருக்கு" என்றார் அவர்.

அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா தன் வயலின் பெட்டியின் கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தாள். அதை மாட்ட அவ்வளவு நேரம் ஆகாது. "உடம்பு ஒரு மாதிரி இருக்கு. இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்று எழுந்துவிட்டாள்.

மறுவாரம் மூலக்கருவி திரும்பி வந்தது. பச்சை ஸ்டிக்கர், புதுத் தேதி. குறை ஏதும் இல்லை.

சுதிப்பெட்டி அந்த ஸ்டிக்கரை வெகுநேரம் பார்த்தாள். தன்னிடம் வரும் ஆயிரம் பேருக்கு அவள் ஒட்டியனுப்பியது அதுதான். அதை நம்பவில்லையென்றால் அந்த மேசையில் உட்கார அவளுக்கு யோக்கியதை இல்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கேசட்டைப் போட்டு, கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டாள். அட்டையில் அச்சிட்டிருந்த நேரத்துக்குச் சரியாகப் பாட்டு முடிந்தது. வீட்டுக்காரர் கிண்டலாகக் கேட்ட கேள்வி, அவள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. மோட்டார் வேகமாக ஓடியிருந்தால் பாட்டு சீக்கிரம் முடிந்திருக்கும். முடியவில்லை. அப்படியென்றால் ஏறியது மோட்டார் அல்ல.

அடுத்த நாள் மதிய இடைவேளையில் தராசுக்காரரைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, எனக்கு ஒரு கருவியைச் சோதிக்கணும்."

"கருவி எங்க?"

அவள் காதைத் தொட்டுக் காட்டினாள்.

"தோடு புதுசா?" என்றார் அவர். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஒலி எழுப்பும் கருவியின் குமிழை அவர் இஷ்டப்படி திருப்புவது; எண்ணை ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்வது; சுவரைப் பார்த்து உட்கார்ந்தபடி அவள் கட்டையைச் சொல்வது; கடைசியில் ஒப்பிடுவது. இதுதான் ஏற்பாடு. அவர் குறும்புக்காரர், ஒரே ஒலியைத் தொடர்ந்து இரண்டு முறை வைத்தார், நடுவில் தும்மினார். அவள் தயங்காமல் சொல்லிக்கொண்டே போனாள். முடிந்ததும் காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள்.

எல்லாமே தப்பு. எல்லாத் தப்பும் ஒரே பக்கம். நாலு கட்டையை நாலரை என்றிருந்தாள். ஐந்தை ஐந்தரை, ஆறை ஆறரை. ஒன்றாவது கீழ்ப்பக்கம் விழுந்திருக்கக் கூடாதா என்று விரலை வைத்துத் தேடினாள். குத்துமதிப்பாகச் சொல்பவர்களின் தப்பு இரண்டு பக்கமும் சிதறும். ஒரே பக்கம் சாய்ந்தால் அது கருவியின் குணம். இதை அவளே எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறாள்.

"ஒரே மாதிரி அரைக் கட்டை" என்றார் தராசுக்காரர். "இவ்வளவு சுத்தமான தப்பை நான் பாத்ததே இல்லம்மா."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அவள் மனம் வேறிடத்தில் இருந்தது. காது சாய்ந்துவிட்டது, சரி. அப்படியென்றால் வயலின் எப்படி ஒத்துப்போனது?

அன்று அவள் வழக்கமாகப் போகும் நாள் அல்ல. அக்கா வீட்டில் வகுப்பு முடிந்து பிள்ளைகள் செருப்புத் தேடிக்கொண்டிருந்தார்கள். அக்கா சமையலறையில் இருந்தாள். முன்னறைப் பாயின் மேல் பிள்ளைகள் பழகும் வயலின் கிடந்தது. அலமாரிக்குள், துவைத்த உறைக்குள், அக்காவின் வயலின். சுதிப்பெட்டி இரண்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் ஒரே கம்பியை ஒன்றன்பின் ஒன்றாக இழுத்தாள். பிள்ளைகளுடையது ஒன்று சொன்னது. அக்காவுடையது அரைக் கட்டை கீழே வேறொன்று சொன்னது. காது எவ்வளவு சாய்ந்திருந்தாலும் இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தில் தப்பு வராது.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள்.

"இது என்ன கட்டைக்கா?"

"எனக்கெங்க கட்டை தெரியும்? நீதானே சொல்லணும்."

"விளையாடாத. ரெண்டுக்கும் அரைக் கட்டை வித்தியாசம் இருக்கு."

அக்கா வந்து பாயில் உட்கார்ந்தாள். "கண்டுபிடிச்சிட்டியா?"

"எப்ப இருந்து?"

"அம்மா போனதுக்கு அடுத்த வருஷம்னு நினைக்கிறேன். கொஞ்சம் ஏறியிருக்கு, இறக்குன்ன. இறக்கினேன். கொஞ்ச நாள் கழிச்சு, மறுபடி ஏறிடுச்சுன்ன. மறுபடி இறக்கினேன். கம்பி தொளதொளன்னு ஆனதும் தடிச்ச கம்பியா மாத்திக்கிட்டேன்."

"தப்புன்னு தெரிஞ்சேவா?"

"முதல்ல தெரியல. பிள்ளைங்க வயலினை ஒரு பையனோட ஹார்மோனியத்தோட சேத்து வச்சிருந்தேன். ஒரு நாள் அதோட சேத்து என்னோடதை இழுத்தேன். விம்முச்சு."

"சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

சுதிப்பெட்டி யோசித்துப் பார்த்தாள். பொய் சொல்ல நினைத்திருந்தால் யோசித்திருக்க மாட்டாள். "மாட்டேன்."

"என்ன சொல்லியிருப்ப?"

"உனக்குக் காது இல்லன்னு சொல்லியிருப்பேன்."

"அதைத்தான் சின்ன வயசுல இருந்து கேட்டாச்சே. திரும்பவும் எதுக்குன்னு விட்டுட்டேன்."

தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது. இரண்டரை என்றது காது. இரண்டாகத்தான் இருக்கும்.

"உன் வயலினைச் சாட்சியா வச்சு நான் ரெண்டு மீட்டரைத் தப்புன்னு எழுதினேன்க்கா. ஹார்மோனியக்காரரைத் திட்டினேன். நீ தனிச் சாட்சின்னு நினைச்சேன். நீ என் நிழலா இருந்திருக்க."

"நீ சுதி கொடுக்கிறவ. நான் ஒத்து ஊதுறவ. அப்படித்தானே இத்தனை வருஷமும்?"

"எனக்கு ஒத்து ஊத ஆள் வேணாம்."

"அப்ப மண்டபத்துக்கு?"

"ஹார்மோனியம் எனக்காக இறங்காது. நான் வரல. நீ தனியா வாசி."

அக்கா பிள்ளைகளின் வயலினை எடுத்து, சும்மா இருந்த கம்பியைத் துணியால் துடைத்தாள்.

கூடத்தில் சுதிப்பெட்டி தன் குறிப்பை அடித்துவிட்டு, கருவிகளில் குறையில்லை, சோதித்தவரிடம் குறை என்று எழுதிக் கொடுத்தாள். "காதை வச்சு மீட்டர் பாக்கச் சொன்னது யாரும்மா?" என்று மட்டும் கேட்டார் மேலதிகாரி. பட்டறைக்காரரின் மானி பச்சை ஸ்டிக்கரோடு ஊர் போய்ச் சேர்ந்தது. காது மருத்துவர் ஒருவரிடமும் போனாள். அவர் பொத்தானை அமுக்கச் சொல்லி, மெல்லிய ஒலிகளையெல்லாம் வைத்துப் பார்த்துவிட்டு, "காது நல்லாக் கேக்குதே" என்றார்.

"நல்லாத்தான் கேக்குது டாக்டர். வேற எதையோ கேக்குது."

அவள் விளக்கியபிறகு, இப்படி ஒரு காது அமைந்தவர்களுக்கு வயதாகும்போது இது நேர்வதுண்டு என்றும், மருந்து கிடையாது என்றும், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு ஏறினாலும் தெரியப்போவதில்லை என்றும் சொன்னார். தொண்ணூற்றொன்பது பேரில் ஒருத்தியாகப் பிறந்திருந்தால் நிம்மதி என்று அவள் முதன்முறையாக நினைத்தாள்.

பாட்டை நிறுத்திவிட்டாள். பாட்டு நிற்கவில்லை. தெருவில் யார் பாடினாலும், தெரிந்த பாட்டு தெரியாத கட்டையில் கேட்டது. 'க' என்று எழுதியிருப்பதை 'ங' என்று படிப்பது போல. ஒரு வரி அல்ல, புத்தகம் முழுக்க.

"காதுக்கு ஸ்டிக்கர் ஒட்டியாச்சா?" என்றார் தராசுக்காரர் ஒரு நாள்.

"தூக்கிப் போட வேண்டிய கருவிக்கு எதுக்குண்ணா ஸ்டிக்கர்?"

"யாரு சொன்னா? ஒரே பக்கம், ஒரே அளவு சாயுற தராசை நான் என்னிக்குத் தூக்கிப் போட்டிருக்கேன்? இவ்வளவு கழிச்சுக்கன்னு ஒரு சீட்டு எழுதி ஒட்டிட்டா அது நல்ல தராசு. இன்னிக்கு இப்படியும் நாளைக்கு அப்படியும் ஆடுது பாருங்க, அதுக்குத்தான் மருந்து கிடையாது. மனுஷங்க மாதிரி."

அவர் போய்விட்டார். அவள் டிரான்ஸ்ஃபார்மரைக் கேட்டாள். ஐந்தரைக்கு ஒரு மயிரிழை மேலே. கழித்துப் பார்த்தாள். ஐந்துக்கு ஒரு மயிரிழை மேலே. அது அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தது.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனாள். "ஒரு நிபந்தனை" என்றாள், செருப்பைக் கழற்றும் முன்பே. "பிள்ளைங்க வயலினோட சேத்து உன்னோடதை ஏத்து. ஏத்தினதுக்கப்புறம் நான் என்ன சொன்னாலும் நீ நகரக் கூடாது. நான் கத்தினாலும்."

"நீ கத்தாம இருந்தாத்தான் எனக்குப் பயம்" என்றாள் அக்கா. தடித்த கம்பிகளைக் கழற்றிப் பழைய கம்பிகளைப் பூட்டினாள்.

பழகுவது எளிதாக இல்லை. கணக்குப் போட்டுக் கழிப்பதற்குள் பாட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். காது ஒவ்வொரு சுவரத்துக்கும் பழைய பெயரைச் சொல்லிக் கூவியது. அவள் தொண்டை தானாகக் கீழே சரிந்தது. "ஏறியிருக்கு!" என்று நடுவில் கத்தவும் செய்தாள். அக்கா வில்லை நிறுத்தவில்லை. கடைசியில் அக்காதான் சொன்னாள்.

"பேரு சொல்றதை விடேன். எனக்கு என்னிக்குப் பேரு தெரிஞ்சுது? விம்முதான்னு மட்டும் கேளு. விம்மினா நகரு. நின்னா நில்லு."

இது அறிவியல் புத்தகத்தில் இருந்ததுதான். அந்தப் பாடத்தில் முழு மதிப்பெண் வாங்கியவள் தங்கை. ஆனால் பெயர் தெரிந்தவளுக்கு விம்மலைக் கேட்கும் அவசியம் ஒரு நாளும் வந்ததில்லை. அக்காவோ, ஊற்று இல்லாத வீட்டில் தண்ணீர் சுமப்பவளைப் போல, ஒவ்வொரு முறையும் அதை ஒத்துப் பார்த்துத்தான் சேர்த்திருந்தாள்.

மண்டபத்தில் புதுச் சுண்ணாம்பு வாசனை போகவில்லை. ஹார்மோனியக்காரர் அதே பெட்டியோடு வந்திருந்தார். சுதிப்பெட்டி அவர் பக்கத்தில் போய், "உங்க பெட்டி சரிதாங்க. ஏறினது நான்தான்" என்றாள். அவர் அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டாரோ வேடிக்கை என்று எடுத்துக்கொண்டாரோ, தலையை ஆட்டினார்.

ஐந்து கட்டை ஒலித்தது. ஐந்தரை என்றது காது. அவள் வாய் திறந்தாள். பல வருஷப் பழக்கம் குரலைப் பிடித்துக் கீழே இழுத்தது. முதல் சுவரம் வயலினோடு மோதிக் கரகரத்தது. முன்வரிசையில் ஒருவர் தலை தூக்கினார். அவள் அக்காவைப் பார்த்தாள். இத்தனை காலமும் அந்த நொடியில் அக்காவின் விரல் கம்பியின் மேல் நழுவி வந்து அவளைச் சேர்ந்துகொள்ளும். இன்று நழுவவில்லை. வில் நேராகப் போயிற்று. அக்காவின் முகத்தில் முன்பின் தெரியாத ஆளின் முகம் இருந்தது.

குரலை மேலே தள்ளினாள். கரகரப்பு விம்மலாயிற்று. இன்னும் கொஞ்சம். விம்மல் மெதுவானது, நீண்டது, ஒரு மூச்சளவு நீண்டது. பிறகு நின்றது. எந்தக் கட்டை என்று அவளுக்குத் தெரியவில்லை. பாடினாள்.

திரும்பி நடந்து வரும்போது அக்கா சொன்னாள், "தொடக்கத்துல விம்முச்சு."

"தெரியும். ரொம்ப நேரமா?"

"இல்ல. பரீட்சையில நான் எழுதின விடைக்கும் பாதி மார்க்காவது போட்டிருக்கலாம்."

தெரு முனை திரும்பினார்கள்.

"நடுவுல நீ நகர்ந்தியா?"

"இல்ல."

"நிஜமா?"

"சந்தேகம் இருந்தா அளந்து பாத்துக்க" என்று வயலின் பெட்டியை அவள் கையில் கொடுத்தாள் அக்கா.

சுதிப்பெட்டி ஒரு கடையின் படியில் உட்கார்ந்து, பெட்டியைத் திறந்து, ஐந்து கட்டைக் கம்பியை விரலால் ஒருமுறை சுண்டினாள். ஐந்தரை என்றது காது. அரையைக் கழித்தாள். பெட்டியை மூடிக் கொக்கியை மாட்டினாள்.